வலது மட்கார்டுக்குள் இருந்த ஏரியல்

நான் எவ்வளவு கத்தினாலும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாத என் அப்பாவுக்கு,

ஏரியல் கிடைச்சிடுச்சுப்பா.

சாப்பிட்டீங்களா, கால் வலி எப்படி இருக்குன்னு கேட்டுத்தான் உங்ககிட்ட எப்பவும் பேச்சை ஆரம்பிப்பேன். இன்னைக்கு அதுக்கெல்லாம் பொறுமை இல்லை. நீங்க திருடிட்டீங்கன்னு ஊரே சொன்ன அந்தக் கார் ஏரியல், நாற்பது வருஷமா அந்தக் காருக்குள்ளேயே இருந்திருக்கு. கிடைச்சு ஒரு மாசம் ஆகப்போகுது. இன்னும் சோறு வடிக்கும்போது, பஸ்ல உட்கார்ந்திருக்கும்போது, திடீர்னு ஞாபகம் வந்து உடம்பு தூக்கிப் போடுது.

எழுதி உங்க படத்துக்குப் பின்னாடி சொருகி வெச்சிருக்கலாம். ஆனா உங்களைத் திருடன்னு சொன்னது ஊர் கூடி நின்னுதானே? அதனால இதையும் நாலு பேர் படிக்கிற மாதிரியே எழுதுறேன். தெரியாதவங்களுக்காக முதல்லேர்ந்து சொல்றேன். உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான், கொஞ்சம் பொறுத்துக்கங்க.

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்துல நம்ம ஊர். அங்கே இருந்த ரைஸ் மில்லுல நெல் மூட்டை, அரிசி மூட்டை வாய் கட்டுறது உங்க வேலை. வெள்ளிக்கிழமை காலையில முதலாளியோட அம்பாசிடரைக் கழுவுறதையும் நீங்களா எடுத்துக்கிட்டீங்க. காரணம் அந்தக் காருக்குள்ள இருந்த ரேடியோ. நீங்க கழுவும்போது மட்டும் முதலாளி சாவியைப் போட்டு ரேடியோவைப் பாட விடுவாராம். திருச்சி ஸ்டேஷன்ல வயலும் பயிரும் பத்திப் பேசுவாங்க, நடுவுல ரெண்டு பாட்டு வரும். அதுக்காகவே ஒரு தடவை கழுவ வேண்டிய காரை ரெண்டு தடவை கழுவுவீங்கன்னு அம்மா சொல்லும்.

ஒரு வெள்ளிக்கிழமை நீங்க கழுவி வெச்சுட்டு வந்த பிறகு, மத்தியானம் முதலாளி வெளியே கிளம்பினப்ப ரேடியோவுக்குச் சிக்னல் இழுக்கிற அந்தக் கம்பி, ஏரியல், இல்லை. வலது பக்க மட்கார்டு மேல அது நின்ன இடத்துல வெறும் ஓட்டைதான் இருந்தது. உங்களைக் கூப்பிட்டு, தொட்டியான்னு கேட்டாங்க. தொட்டேங்க, துணி மாட்டி ஒடிஞ்சிடக் கூடாதேன்னு உள்ளே அமுக்கி விட்டுட்டுத்தான் கழுவினேன்னு சொன்னீங்க. அவ்வளவு நீளமா நீங்க சொன்னதுல ஊர்க்காரங்க காதுல விழுந்தது "தொட்டேன்" மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை பிடாரி கோயில்ல தட்டுல கற்பூரம் ஏத்தி வெச்சாங்க. எடுக்கலைன்னு சொல்லி கையால அடிச்சு அணைச்சா சத்தியம். நீங்க கையைத் தூக்கிட்டீங்களாம். அப்ப முதலாளி, கற்பூரம் போதாது, பொண்ணு தலையில கையை வெச்சுச் சொல்லச் சொல்லுன்னாரு. எனக்கு அப்ப ஆறு வயசு, அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அந்தக் கற்பூர வாசனையைத் தவிர வேற எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. நீங்க என்னை ஒரு பார்வை பார்த்துட்டு, துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, ஒண்ணுமே சொல்லாம இறங்கி நடந்துட்டீங்க.

அதோட முடிஞ்சுது. எடுக்காதவன் எதுக்குப் பயப்படணும்னு எல்லாரும் கேட்டாங்க. மில் வேலை போச்சு. "ஏரியல் மாணிக்கம்" என்கிற பேரு மட்டும் நின்னுது. நம்ம பக்கத்துல ஒருத்தருக்குப் பேரு வெச்சுட்டா அது செத்தாலும் போகாதே. அந்த மாசமே பெட்டி படுக்கையோட தஞ்சாவூருக்கு வந்துட்டோம். நீங்க ஒரு கல்யாண மண்டபத்துல வாட்ச்மேனா சேர்ந்தீங்க. சாகுற வரைக்கும் அந்த மண்டபத்துச் சாவிக்கொத்து உங்க இடுப்புலதான் இருந்தது. திருடன்னு பேரு வாங்கின மனுஷன்கிட்ட எத்தனை கல்யாணத்து நகையும் பணமும் இருந்த ரூமுக்குச் சாவி இருந்திருக்கு, யோசிச்சுப் பார்த்தீங்களா? நான் யோசிச்சதே இல்லைப்பா. இப்பதான் யோசிக்கிறேன்.

இனிமே நான் சொல்லப்போறது என்னைப் பத்தி. டிப்ளமோ ரெண்டாம் வருஷம் படிக்கும்போது சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போனோமே, அங்கே ஒருத்தர் என் காலேஜ் சிநேகிதிங்க முன்னாடி, இது யாரு, நம்ம ஏரியல் பொண்ணான்னு கேட்டு சிரிச்சாரு. வீட்டுக்கு வந்ததும் நான் ஆடின ஆட்டம் உங்களுக்கு மறந்திருக்காது. நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க. "எடுக்கலைன்னா என் தலையில கையை வெச்சு சத்தியம் பண்ணியிருக்கலாம்ல? பண்ணலையே. அப்ப எடுத்தீங்கதானே?" இதே வார்த்தைதான் சொன்னேன். நீங்க மீதிச் சோத்தையும் சாப்பிட்டு முடிச்சு, கை கழுவி, டியூட்டிக்குப் போயிட்டீங்க.

ஒரு வாரம் கழிச்சு நீங்க ஒரே ஒரு கேள்வி கேட்டீங்க. அதுவும் நான் நல்ல மூட்ல இருக்கேனான்னு பார்த்துப் பார்த்து. ஏரியல் போன மறுநாள் அந்தக் கார் நம்ம தெருவைத் தாண்டிப் போச்சாம், உள்ளே ரேடியோ கரகரன்னு மெதுவா பாடிக்கிட்டே போச்சாம். "ஏரியலே இல்லைன்னா அது எப்படிம்மா பாடும்?" நான் படிக்கிறது எலக்ட்ரானிக்ஸ், எனக்குத் தெரியாதா என்ன? மிச்சமிருக்கிற வயரே போதும்பா, அதுவே சிக்னலை இழுக்கும்னு பாடம் எடுத்துட்டுப் போயிட்டேன். இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஒரு காலேஜ் லேப்ல பிள்ளைங்களுக்கு ரேடியோ பிரிச்சுக் காட்டுறவ, அப்பா கேட்ட அந்த ஒரு கேள்வியைத் திரும்ப யோசிச்சுப் பார்க்கலை.

நீங்க போன வருஷம் தை மாசம் போயிட்டீங்க. வருஷ திதி முடிஞ்ச பிறகுதான் அந்தக் கார் விலைக்கு வருதுன்னு கேள்விப்பட்டேன். மில்லை மூடி ரொம்ப நாளாச்சாம். ஷெட்டுல செங்கல் மேல நிக்குது, ரேடியோ உள்ளேதான் இருக்குன்னாங்க. நேர்ல போகாம, தெரிஞ்சவர் மூலமா பேசி வாங்கிட்டேன். பாசத்துலயா வீம்புலயான்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியலை. அம்மா ஒரே பிடியா, அந்தச் சனியனை நம்ம வாசல்ல கொண்டாந்து நிறுத்தாதேன்னு சொல்லிடுச்சு. அதனால கீழவாசல்ல பாஸ்கர்னு ஒரு டிங்கர் கடையில, ஓடுற மாதிரி சரி பண்ணித் தரச் சொல்லி விட்டேன். ரேடியோவை மட்டும் கழட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அதைப் பார்க்கணும்னு உங்களுக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும்! அஞ்சு பட்டன், ரெண்டு திருகு, நடுவுல பச்சைக் கண்ணாடி. உள்ளே எலி ஒரு குடும்பமே நடத்தியிருக்கு. கப்பாசிட்டர் எல்லாம் காய்ஞ்சு போயிருந்தது, ஒண்ணுவிடாம மாத்தினேன். ஸ்டேஷன் காட்டுற முள்ளை இழுக்கிற நூல் அறுந்து கிடந்தது. மூணு நாள் அதோட மல்லுக்கட்டி, நாலு வாட்டி தப்பாச் சுத்தி, அம்மா ஊசியில நூல் கோக்கிற கண்ணாடியைக் கடன் வாங்கிப் போட்டுக்கிட்டுதான் சரி பண்ணினேன். சாலிடரிங் வாசனை அடிக்குதுன்னு அம்மா திட்டிக்கிட்டே பக்கத்துலயே உட்கார்ந்திருந்தது. பேட்டரி கொடுத்ததும் பச்சைக் கண்ணாடிக்குப் பின்னாடி விளக்கு எரிஞ்சுது, ஸ்பீக்கர்ல இரைச்சல் வந்தது. அதுக்கு மேல பாடணும்னா ஏரியல் வேணும்.

காரோட இடது மட்கார்டுல ஒடிஞ்சுபோன ஏரியல் ஒண்ணு இருந்தது. உங்க விஷயத்துக்கு அப்புறம் வாங்கி மாட்டினதுன்னு அதைப் பார்த்ததும் தெரிஞ்சுது. வலது பக்கம் உங்க காலத்து ஓட்டையைப் பட்டி வெச்சு அடைச்சுப் பெயிண்ட் அடிச்சிருந்தாங்க. எனக்கு வலது பக்கம்தான் வேணும்னு பாஸ்கர்கிட்ட அடம் பிடிச்சேன். பட்டியைச் சுரண்டினா ஓட்டை நல்லாவே இருக்கு, ஆனா அடித் தகடு துரு பிடிச்சிருக்கலாம், உள்ளே பார்த்துடுவோம்னு சொல்லி, சக்கரத்துக்குப் பின்னாடி இருக்கிற மறைப்புத் தகட்டைக் கழட்டினாரு. ஒரு கூடை மண்ணும் உமியும் கொட்டிச்சு. கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுத் துழாவினவரு, முகம் மாறி, "மேடம், இங்க ஏற்கெனவே ஒண்ணு இருக்கு" அப்படின்னாரு.

எனக்கு ஒரு நிமிஷம் என்ன சொல்றாருன்னே புரியலை. டார்ச் வாங்கி நானே குனிஞ்சு பார்த்தேன். குழாய், குழாய்க்குள்ளே முழுசா இறங்கின கம்பி, அதோட வயர், எல்லாம் அப்படியே இருந்தது. அறுக்கலை, வெட்டலை. வயர் மறுமுனை வரைக்கும் ஒழுங்கா ரேடியோ இருந்த இடத்துக்குப் போகுது. மேல பிடிச்சிருந்த நட்டு பிளந்துபோயிருக்கு. நீங்க அமுக்கினப்ப அது விட்டிருக்கு, நீங்க போன பிறகு மொத்தமும் மெல்ல நழுவி உள்ளே விழுந்திருக்கு, அவ்வளவுதான் நடந்திருக்கு. அதனாலதான் ரேடியோ மறுநாளும் கரகரன்னு பாடிட்டுப் போச்சு. நீங்க கேட்ட கேள்வி சரிதான்ப்பா. நான் சொன்ன பதில்தான் தப்பு. அந்தக் கடை வாசல்லயே, கிரீஸ் தரையில உட்கார்ந்துட்டேன்.

இத்தோட முடிஞ்சிருந்தா அழுதுட்டு எழுந்து வந்திருப்பேன். முடியலை. பாஸ்கர் அதை வெளியே இழுத்தாரு, வரலை. என்னன்னு பார்த்தா, ஆடிச் சத்தம் போடாம இருக்க அதை உள்ளே ஒரு கம்பியோட சேர்த்து யாரோ கட்டி வெச்சிருக்காங்க. மில்லுல மூட்டை கட்டுற நீல நைலான் நூல். தானா விழுந்ததுக்கு முடிச்சு எப்படி மேடம் வரும்னு பாஸ்கர் கேட்டாரு. நான் அந்த முடிச்சையே பார்த்துக்கிட்டு இருந்தேன். ரெண்டு சுத்து, ஒரு மடிப்பை உள்ளே சொருகி இறுக்கினது. ஒரு முனையை இழுத்தா படக்குனு அவிழும். என் ஸ்கூல் பையும், நம்ம வீட்டுக் கொசுவலையும், ஊர்லேர்ந்து வந்த அட்டைப்பெட்டியும், எல்லாத்துலயும் நான் பார்த்த முடிச்சு. உங்க முடிச்சு.

அப்பா, இதைச் சொல்லாம இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. நான் மறுபடியும் உங்களைச் சந்தேகப்பட்டேன். எடுத்துட்டுப் போக வழியில்லாம உள்ளேயே கட்டி வெச்சுட்டீங்களோ, சமயம் பார்த்து எடுத்துக்கலாம்னு நினைச்சீங்களோ, அதனாலதான் என் தலையில கை வைக்கலையோ. ஒரு நிமிஷம்னு சொல்ல ஆசை, ஆனா ஒரு வாரம் நினைச்சேன். அம்மாகிட்டச் சொல்லலை. உங்க படத்துக்குப் பூ வெச்சேன், முகத்தை மட்டும் பார்க்கலை. செத்த பிறகும் பெத்த பொண்ணு இப்படி நினைச்சா, ஒரு மனுஷன் வேற யார்கிட்ட போய் நிக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை அந்த ஏரியலையும் நூலையும் துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டு நம்ம ஊருக்கு பஸ் ஏறினேன். முதலாளி எப்பவோ போய்ச் சேர்ந்துட்டாரு. அவரு மகன், எல்லாரும் சின்ன முதலாளின்னு கூப்பிடுவீங்களே, அவரு இருக்காரு. அறுபதைத் தாண்டிட்டாரு, சர்க்கரை வேற. நான் யாருன்னு சொன்னதும் உட்காரச் சொன்னாரு. சிங்கப்பூர்லேர்ந்து லீவுக்கு வந்திருந்த பேத்தி, நாலு வயசு இருக்கும், அவரு காலடியில உட்கார்ந்து படம் வரைஞ்சுக்கிட்டு இருந்தது. கார் நல்லா ஓடுதாம்மான்னு விசாரிச்சாரு. நான் துண்டைப் பிரிச்சு டீப்பாய் மேல வெச்சேன்.

அது என்னன்னு அவரு கேட்கலைப்பா. கேட்டிருக்கணும்ல? பார்த்தவரு, "எடுத்துட்டியாம்மா?" அப்படின்னாரு.

அப்பவும் பாருங்க, என் வாயிலேர்ந்து வந்த கேள்வியை. "இதைக் கட்டினது எங்கப்பாவா சார்?"

"மாணிக்கமா? அவனுக்கு இது தெரியவே தெரியாதேம்மா. கட்டினது நான்." அப்புறம் நூலைக் கையில எடுத்து, முடிச்சு இருந்த இடத்தைத் தடவிப் பார்த்துட்டு, "இந்த முடிச்சு மட்டும் உங்கப்பா கத்துக் கொடுத்தது. சீசன் நேரத்துல பொழுது போகலைன்னு மில்லுல போய் உட்காருவேன், அப்பச் சொல்லிக் கொடுத்தாரு" அப்படின்னாரு. அவன்னு ஆரம்பிச்சவரு அவருன்னு முடிச்சாரு.

மீதியை அவரே சொன்னாரு, நான் கேட்கலை. நாம ஊரை விட்டுக் கிளம்பி பத்து நாள்கூட ஆகலையாம். நாகப்பட்டினம் ரோட்டுல போகும்போது மட்கார்டுக்குள்ள ஏதோ கடகடன்னு அடிச்சிருக்கு. வண்டியை நிறுத்தி இவரு அடியில கையை விட்டிருக்காரு, தட்டுப்பட்டிருக்கு. சந்தோஷமா அவங்கப்பாகிட்ட ஓடிப்போய்ச் சொல்லியிருக்காரு, மாணிக்கத்தைக் கூப்பிட்டுடலாம்னு. பெரிய முதலாளி, கோயில்ல வெச்சுக் கேட்டாச்சு, இனிமே எடுத்தா நான்தான் தலை குனியணும், சத்தம் வராம கட்டிப் போட்டுட்டு இடது பக்கம் புதுசு மாட்டச் சொல்லுன்னுட்டாராம். இவரு கட்டிட்டாரு. அவ்வளவுதானாம்.

பத்து நாள்! நாம தஞ்சாவூர்ல வாடகைக்கு வீடு கிடைக்காம சித்தப்பா வீட்டு மாட்டுக் கொட்டகையில படுத்துக்கிட்டு இருந்த பத்து நாள். ஒரு ஆளை பஸ் ஏத்தி அனுப்பியிருந்தா போதும். ஒரு போஸ்ட் கார்டு போட்டிருந்தா போதும். நான் என்னென்னமோ திட்டணும்னு நினைச்சுக்கிட்டுப் போனவ, வாயைத் திறந்தா காத்துதான் வருது. எனக்கா பேச்சு வரலைன்னு நீங்க நம்ப மாட்டீங்க.

நான் பேசாம இருந்தது அவருக்குப் பயமா இருந்திருக்கணும். திருட்டுப் பழி சுமத்தினது தப்பு, மாணிக்கம் எடுக்கலை, இதை நான் பிடாரி கோயில்லயே வந்து சொல்றேன், நம்பலைன்னா இதோன்னு சொல்லிக்கிட்டே, கீழே படம் வரைஞ்சுக்கிட்டு இருந்த பேத்தி தலைக்குக் கையைக் கொண்டுபோனாரு. "என் பேத்தி மேல சத்தியமா..."

அப்பா, பாய்ஞ்சு அவரு மணிக்கட்டைப் பிடிச்சுட்டேன். "வேணாம் சார். குழந்தை தலையில கை வைக்காதீங்க." குழந்தை மிரண்டுபோய் என்னைப் பார்த்தது. அவரு சொல்ல வந்தது நூத்துக்கு நூறு உண்மை. எனக்கு அது தெரியும், டீப்பாய் மேலயே ஏரியல் கிடக்கு. ஆனா உண்மையா இருந்தாலும் அந்தக் கை அந்தத் தலையில படக்கூடாதுன்னு எனக்குத் தோணிச்சு. யாருன்னே தெரியாத ஒரு பிள்ளைக்கே எனக்கு இப்படி ஆச்சே. உங்க முன்னாடி நின்னது நான்.

அப்ப இதுக்குத்தான் இறங்கிப் போனீங்களா? ஊர் என்ன சொல்லும்னு தெரிஞ்சேதான் போனீங்களா? நான் வளர்ந்து வந்து அதையே உங்க முன்னாடி சொல்லிக் காட்டினப்ப, இதைச் சொன்னா எனக்குப் புரியாதுன்னு விட்டுட்டீங்களா, இல்லை சொல்ல வாயில சோறு இருந்ததா? அந்த வீட்டு ஹால்ல, அவரும் அந்தக் குழந்தையும் பார்க்க, நான் வாய்விட்டு அழுதேன்.

அழுது முடிச்சு மூக்கைத் துடைச்சுக்கிட்டு எனக்கு வேண்டியதைச் சொன்னேன். சத்தியமும் வேணாம், கற்பூரமும் வேணாம். இந்த ஏரியலை அதே இடத்துல மாட்டி, ரேடியோவைப் பாட வெச்சு, காரை எடுத்துட்டு வரேன். நீங்க முன்சீட்ல ஏறி என்கூட கடைத்தெருவுக்கு வந்து, டீக்கடையில இறங்கி, இப்ப என்கிட்டச் சொன்னதை அங்கே சொல்லணும், அவ்வளவுதான். அவரு தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தாரு. வரேன்னும் சொல்லலை, மாட்டேன்னும் சொல்லலை.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அம்மா கத்தும், அந்தக் குடும்பத்தையே சபிக்கும்னு நினைச்சேன். முந்தானையைக் கையில சுருட்டிக்கிச்சு. "எடுக்கலைன்னு உங்கப்பா என்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லடி. நான் கேட்டாத்தானே சொல்லுவாரு" அப்படின்னு மட்டும் சொன்னது. அப்புறம், காரை எப்ப எடுக்கப் போறேன்னு கேட்டது.

மாட்டுற வேலையை முழுக்க நானே பண்ணினேன், பாஸ்கரைத் தொட விடலை. கம்பி ஒரு இடத்துல லேசா வளைஞ்சிருந்தது, அதை நிமிர்த்தலை. மண்ணைக் கழுவி, துரு போகத் தேய்ச்சு, எண்ணெய் விட்டதும், மடிஞ்சு கிடந்த கம்பி ஒண்ணொண்ணா வெளியே வந்தது. மட்கார்டுக்கு அடியில ஓட்டையைச் சுத்திப் பெயிண்டைச் சுரண்டி வெள்ளைத் தகடு தெரியுற வரைக்கும் தேய்ச்சேன். அங்கே எர்த் சரியா பிடிக்கலைன்னா இன்ஜின் சத்தம்தான் ரேடியோவுல கேட்கும். புது நட்டு, புது வாஷர், அதுக்கு மேல இன்னொரு நட்டு. இனிமே யாரு அமுக்கினாலும் விழாது. ரேடியோ ஓரத்துல ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கு, அதை ஏரியலுக்குத் தகுந்த மாதிரி திருப்பணும். மெல்லத் திருப்பிக்கிட்டே வந்தேன். இரைச்சல், இரைச்சல், அப்புறம் திடீர்னு ஒரு ஆள் குரல் தெளிவா வந்து, கல்லணையில தண்ணி திறந்தாச்சு, நாத்தங்காலைத் தயார் பண்ணுங்கன்னு சொன்னது. திருச்சிதான்ப்பா.

நேத்து ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பின்சீட்ல உட்கார வெச்சுக்கிட்டு ஊருக்குப் போனேன். அந்தக் காரை எத்தனையோ தடவை பார்த்த அம்மா அதுல ஏறினது நேத்துதான். அந்த வீட்டு வாசல்ல ஹாரன் அடிச்சேன். கதவு சாத்தியிருந்தது. வர மாட்டாருன்னே முடிவு பண்ணி ரிவர்ஸ் எடுக்கப் போனேன். சட்டையை மாட்டிக்கிட்டே வெளியே வந்தாரு. பின்சீட்டைப் பார்த்தாரு, அம்மாவைக் கும்பிட்டாரு, முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாரு. வழியெல்லாம் ரேடியோதான் பேசிச்சு.

டீக்கடையில பத்துப் பதினஞ்சு பேரு இருந்தாங்க. பாதி பேரு உங்க வயசுக்காரங்க, மில்லுல உங்ககூட மூட்டை தூக்கினவங்க. சின்ன முதலாளி இறங்கி, கார் மேல ஒரு கையை வெச்சுக்கிட்டு நின்னாரு. "மாணிக்கம் அண்ணன் ஏரியலை எடுக்கலை. இந்தக் காருக்குள்ளேயே விழுந்து கிடந்தது. அது எங்களுக்கு அப்பவே தெரியும். மறைச்சுட்டோம்." எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாரு. உங்களை அண்ணன்னு சொன்னாருப்பா.

டீ ஆத்துறவரு கையை நிறுத்திட்டாரு. அப்புறம் ஓரமா உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "அதான் செத்துட்டாரேம்மா, இப்ப எதுக்கு இது?" அப்படின்னாரு. கெட்ட எண்ணத்துல கேட்கலை, நிஜமாவே கேட்டாரு. எனக்குச் சுருக்குனு கோபம் வந்தது, சட்டுனு அடங்கியும் போச்சு. எனக்குத்தாங்க தெரியாம இருந்தது, ஊருக்குச் சொல்ல வந்தவ இல்லை, எனக்குச் சொல்லிக்க வந்தேன்னு சொன்னேன். அவரு எழுந்து வந்து, ஏரியலை ஒரு விரலால தொட்டுப் பார்த்துட்டுப் போனாரு. பின்சீட்லேர்ந்து அம்மா, ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுடின்னு சொன்னது.

அப்பா, நீங்க மன்னிச்சீங்களான்னு நான் கேட்கப் போறதில்லை. கேட்டா நீங்க கையைக் கழுவிட்டு டியூட்டிக்குப் போயிடுவீங்க. ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன், யாரு தலையிலயும் கை வைக்காம, வெறும் வாயால. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இந்தக் காரை நானே கழுவுவேன். ஏரியலை உள்ளே அமுக்கி விட்டுட்டு, ரேடியோவைப் பாட விட்டு, ரெண்டு தடவை கழுவுவேன். கழுவி முடிச்சதும் மறக்காம முழு நீளத்துக்கும் வெளியே இழுத்து விடுவேன். இனிமே எந்தக் கல்யாணத்துல யாரு நீ யாரு பொண்ணுன்னு கேட்டாலும், அவங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடுவேன்.

இப்படிக்கு,
ஏரியல் மாணிக்கத்தின் பொண்ணு
செல்வி